இதய அறுவைக்குப் பின் முதியோரின் அறிதிறன் குறைவு: கோடியக்கரையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

இதய அறுவை சிகிச்சை பெற்று வீடு திரும்பும் முதியோருள் சிலர் மறதியும் கவனச்சிதறலும் உடையவர்களாகத் தோன்றுகின்றனர். அறுவையின்போது பயன்படும் இதய-நுரையீரல் இயந்திரமே இதற்குக் காரணம் என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. பின்வந்த ஒப்பீட்டு ஆய்வுகள் அக்கருத்தைப் பெரிதும் தளர்த்தியுள்ளன. அறுவைக்கு முந்தைய நிலையை அறியாமல் பிந்தைய குறைவை மதிப்பிட இயலாது என்பதையும், எழுத்தறிவைச் சார்ந்த சோதனைகள் கடலோர உழைப்பாளிகளின் அறிதிறனை அளக்கப் போதாமையையும் கோடியக்கரையைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இதய அறுவை, புறவழி அறுவை, அறிதிறன், டெலிரியம், முதுமை மறதி, கோடியக்கரை, வேதாரண்யம்.

முன்னுரை

வேதாரண்யத்துக்குத் தெற்கே, வங்காள விரிகுடாவும் பாக்கு நீரிணையும் சந்திக்கும் முனையில் அமைந்துள்ளது கோடியக்கரை. வெளிமான்களுக்கும் வலசை வரும் பூநாரைகளுக்கும் பெயர்பெற்ற இவ்வூரின் காடு 1967ஆம் ஆண்டில் சரணாலயமாயிற்று. 2002இல் இப்பகுதி ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. மானையும் பறவையையும் பற்றி எழுதப்பட்ட அளவு இங்கு மீன்பிடித்தும் உப்பளங்களில் வேலை செய்தும் முதுமையடைந்த மனிதர்களைப் பற்றி எழுதப்படவில்லை.

எழுபது வயதான உப்பளத் தொழிலாளி ஒருவரை எண்ணிக்கொள்வோம். இவர் எந்தத் தனிமனிதரும் அல்லர்; விளக்கத்தின் பொருட்டு அமைத்துக்கொண்ட ஒருவர். நெஞ்சுவலி வருகிறது. இதயக் குருதிக்குழாய்கள் மூன்றில் அடைப்பு எனத் தெரியவருகிறது. நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள தஞ்சாவூருக்கோ, இன்னும் தொலைவிலுள்ள திருச்சிக்கோ சென்னைக்கோ செல்கிறார். 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 முதல் நடைமுறையிலுள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வருவதற்கு முன்னர் இத்தகைய குடும்பத்துக்கு இது எட்டாத சிகிச்சை. அறுவை நன்கு முடிகிறது. சில வாரங்களில் நெஞ்செலும்பும் கூடிவிடுகிறது. ஆனால் அவர் கேட்டதையே மீண்டும் கேட்கிறார், கூலிக்கணக்கில் தடுமாறுகிறார், பேச்சின் நடுவே சொல் கிடைக்காமல் நிற்கிறார். “நெஞ்சத் தொறந்ததுலேர்ந்து மனுசன் பழைய மனுசனா இல்ல” என்கிறார் மனைவி.

அவர் கூற்றில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, கணவர் மாறிவிட்டார் என்பது. மற்றொன்று, மாற்றத்துக்கு அறுவையே காரணம் என்பது. முதலாவது அவர் கண்ணால் கண்டது. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இரண்டாவது ஓர் ஊகம். மருத்துவ உலகமும் இவ்விரண்டையும் பிரித்தறிய ஏறத்தாழ அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது.

பழைய முறையீடும் புதிய பெயர்களும்

அறுவைக்குப் பின் முதியவர் பழையபடி இல்லை என்ற முறையீடு இதய அறுவையோடு தோன்றியதன்று. 1955இல் பெட்ஃபோர்டு என்னும் ஆங்கில மருத்துவர், மயக்க மருந்து பெற்று அறுவை செய்துகொண்ட முதியோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் நிலையை ஆராய்ந்து ‘லான்செட்’ இதழில் எழுதினார். உறவினர் கூறிய இதே குறைதான் அவரை அந்த ஆய்வுக்குத் தூண்டியது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1953 மே 6 அன்று, ஜான் கிப்பன் பிலடெல்பியாவில் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு முதன்முறையாக ஓர் இதய அறுவையை வெற்றியுடன் முடித்திருந்தார். இந்தியாவில் முதல் புறவழி அறுவையை 1975இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் செய்தார். மக்கள் ‘பைபாஸ்’ என்றே வழங்கும் அவ்வறுவை அடுத்த தலைமுறையில் மாவட்டத் தலைநகரங்கள் வரை பரவியது.

‘அறுவைக்குப் பிந்தைய அறிதிறன் கோளாறு’ என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் வழங்கிவந்த தொடர், நோயாளியின் முறையீட்டைக் குறிப்பதன்று. சோதனை மதிப்பெண் வீழ்ச்சியை மட்டும் குறிப்பது. முறையீடே இல்லாதவருக்கும் அக்கோளாறு இருப்பதாகக் கணக்கிடலாம். முறையிடுபவருக்கு இல்லை என்றும் கூறிவிடலாம். இக்குழப்பத்தைக் களைய 2018இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று பெயர்களைத் திருத்தியது. அதன்படி, அறுவையை அடுத்த சில மணி நேரங்களிலோ நாள்களிலோ தோன்றி ஏறியிறங்கும் மனக்குழப்பம் டெலிரியம் ஆகும். முப்பது நாள்கள் வரை நீளும் குறைவு, மீட்சியில் ஏற்பட்ட தாமதம் மட்டுமே. அதற்கு மேல் பன்னிரண்டு மாதம் வரை நிலைப்பதே அறுவைக்குப் பிந்தைய அறிதிறன் கோளாறு எனும் பெயருக்கு உரியது. அங்கும் சோதனை மதிப்பெண்ணோடு நோயாளியோ குடும்பத்தாரோ மருத்துவரோ உணர்ந்த குறைபாடும் சேர வேண்டும். மனைவியின் சொல்லுக்கு இவ்வாறு நோயறிதலில் ஓர் இடம் கிடைத்தது. இவற்றினின்றும் வேறானது பக்கவாதம். புறவழி அறுவையில் நூற்றில் ஒருவர் முதல் மூவர் வரை அதற்கு ஆளாகின்றனர்.

இயந்திரத்தின் மீது விழுந்த பழி

இயந்திரத்தை ஐயுற்றதற்குப் போதிய காரணம் இருந்தது. புறவழி அறுவையில் பொட்டாசியம் கலந்த கரைசலால் இதயத்தை நிறுத்துகின்றனர். உடலின் குருதி குழாய்கள் வழியே வெளியேறி, இயந்திரத்தில் ஆக்சிஜன் ஏற்று, பெருந்தமனிக்குத் திரும்புகிறது. முதியோரின் பெருந்தமனியில் சுண்ணாம்பும் கொழுப்பும் படிந்திருக்கும். அதைக் கவ்வியால் இறுக்கும்போதும் விடும்போதும் துகள்கள் பெயர்ந்து மூளைக்குச் செல்லலாம். காற்றுக் குமிழிகளும் செல்லலாம். குருதி செயற்கைப் பரப்பைத் தொடுவதால் உடலெங்கும் அழற்சி எழுகிறது. குருதியழுத்தம் சற்றுத் தாழ்கிறது. இவை யாவும் உண்மை. ஆங்கிலம் பேசும் மருத்துவமனைகளில் ‘பம்ப்ஹெட்’ என்றொரு கொச்சைப் பெயரே இதற்கு வழங்கலாயிற்று.

2001இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நியூமன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இவ்வச்சத்தை உறுதிப்படுத்துவதாகத் தோன்றியது. புறவழி அறுவை பெற்ற 261 பேரை அவர்கள் தொடர்ந்து சோதித்தனர். மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது 53 விழுக்காட்டினரிடம் குறைவு காணப்பட்டது. ஆறு வாரத்தில் இது 36 ஆகவும் ஆறு மாதத்தில் 24 ஆகவும் இறங்கியது. ஐந்தாண்டு முடிவில் மீண்டும் 42 விழுக்காடாக ஏறியது. இறங்கிப் பின் ஏறும் இக்கோடு நாளேடுகள்தோறும் வலம்வந்தது. ஆனால் அதே வயதும் அதே இதய நோயும் உடைய, அறுவை செய்துகொள்ளாத ஒரு குழு அந்த ஆய்வில் இல்லை. நீரிழிவும் உயர் குருதியழுத்தமும் புகைப்பழக்கமும் இதயக் குழாய்களை மட்டும் தாக்கிவிட்டு மூளைக் குழாய்களை விட்டுவைப்பதில்லை. அத்தகையோர் அறுவையே இன்றி ஐந்தாண்டுகள் வாழ்ந்திருந்தால் எவ்வளவு குறைவு நேர்ந்திருக்கும்? இக்கேள்விக்கு விடையில்லாமல் 42 என்னும் எண் எதையும் மெய்ப்பிக்காது.

விடை மெல்ல வந்தது. இதயத்தை நிறுத்தாமல், இயந்திரமின்றிச் செய்யும் புறவழி அறுவை ஒன்றுண்டு. பழி இயந்திரத்தினுடையதாயின் அம்முறையில் அறிதிறன் காக்கப்பட வேண்டும். நெதர்லாந்தில் 281 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆராய்ந்த ஆக்டபஸ் ஆய்வில், ஐந்தாண்டுகளுக்குப் பின் இரு பிரிவிலும் ஏறக்குறைய சரிபாதியினரிடம் குறைவு காணப்பட்டது. அமெரிக்க முன்னாள் படைவீரர் 2203 பேரைக் கொண்டு 2009இல் வெளிவந்த ரூபி ஆய்விலும் அறிதிறனில் வேறுபாடு இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் செல்னஸ் குழுவினர், அறுவை செய்தோரையும், இதயநோய் இருந்தும் அறுவை செய்யாதோரையும் ஆறாண்டுகள் பின்தொடர்ந்தனர். இரு திறத்தாரின் நீண்டகாலச் சரிவும் ஒத்திருந்தது. இதய நோயற்றோரே வேறுபட்டு நின்றனர். 2021இல் விட்லாக் குழுவினர் அமெரிக்க முதியோர் 1680 பேரின் நினைவாற்றலை ஒப்பிட்டனர். நெஞ்சைத் திறந்து புறவழி அமைத்துக்கொண்டோருக்கும், குழாய்வழி ஸ்டென்ட் முதலிய சிகிச்சை பெற்றோருக்கும் நினைவு தேயும் வேகத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இதயமல்லாத பிற அறுவைகளுக்கும் இது பொருந்துகிறது. அறுபது வயது கடந்த 1218 பேரைப் பற்றி 1998இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், ஒரு வாரத்தில் 25.8 விழுக்காட்டினரிடமும் மூன்று மாதத்தில் 9.9 விழுக்காட்டினரிடமும் குறைவு இருந்தது. அவர்களுள் எவரையும் இதய-நுரையீரல் இயந்திரம் தொடவில்லை.

அளவிடும் முறையிலும் ஒரு பொறி உள்ளது. வலியும் தூக்கமின்மையும் வலிமருந்தும் சூழ்ந்திருக்கும் முதல் வாரத்தில் எவருடைய மதிப்பெண்ணும் குறையும். பல சோதனைகளை வைத்து, அவற்றுள் ஒன்றிரண்டில் தாழ்ந்தாலே ‘குறைவு’ எனக் கொண்டால் நலமுடையோருள்ளும் சிலர் அவ்வலையில் அகப்படுவர். ஒருநாள் ஏலத்துக்கு மீன் குறைவாக வந்ததைக் கொண்டு கடலில் மீன் அற்றுப்போயிற்று என முடிவுகட்டுவதற்கு இது ஒப்பாகும்.

இதனால் அறுவை தீங்கற்றது என்று கூறுவது எம் கருத்தன்று. முதல் சில வாரங்களின் தடுமாற்றம் மெய்யானது. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தெரியும் சரிவில் பெரும்பங்கு, நோயாளி அறுவை அரங்கிற்குள் நுழையும் முன்பே அவருடைய மூளைக் குழாய்களில் இருந்தது எனக் கொள்வதே சான்றுகளுக்கு நெருக்கமானது. இது வெறும் கல்விசார் வேறுபாடன்று. ‘ஆபரேசன் செய்தால் புத்தி போய்விடும்’ என்றஞ்சித் தேவையான அறுவையை மறுக்கும் முதியவர் தம் நினைவாற்றலைக் காத்துக்கொள்வதில்லை. இதயத்தை மட்டும் இடருக்குள்ளாக்குகிறார்.

டெலிரியம்: கவனிக்கப்படாத இரவு

தவிர்க்கவும் தணிக்கவும் கூடிய பகுதி வேறோரிடத்தில் உள்ளது. அறுபது வயது கடந்த 225 இதய அறுவை நோயாளிகளைச் சசின்ஸ்கி குழுவினர் ஓராண்டு பின்தொடர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், 46 விழுக்காட்டினருக்கு டெலிரியம் ஏற்பட்டது. டெலிரியம் வாராதோர் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பழைய மதிப்பெண்ணை எட்டினர். வந்தோருள் 40 விழுக்காட்டினர் ஆறு மாதம் கடந்தும் எட்டவில்லை. வாராதோரில் அவ்விழுக்காடு 24. ஓராண்டு முடிவில் இவை 31, 20 என இருந்தன. இவ்விடைவெளி தற்செயலாகவும் இருக்கக்கூடும் என்பதை ஆய்வாளர்களின் கணக்கே காட்டுகிறது. முன்னரே அறிதிறன் சற்றுத் தளர்ந்தோருக்கே டெலிரியம் மிகுதியாக வருகிறது. எனவே அது காரணமா அடையாளமா என்பது முற்றாகத் தீர்ந்த வினா அன்று.

தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாயைப் பிடுங்கிக் கூச்சலிடும் நோயாளியைச் செவிலியர் உடனே அறிவர். எதிர்வினையின்றிச் சுருண்டு படுத்திருப்பவரை ‘அமைதியான நோயாளி’ எனக் கருதிவிடுவதுண்டு. முதியோரிடம் இவ்வடங்கிய வகையே அடிக்கடி காணப்படுவது, தவறவிடப்படுவதும் அதுவே. கடலோசையோடு உறங்கிப் பழகிய ஒருவர், இரவும் பகலும் ஒரே வெளிச்சம் எரியும் அறையில், மூக்குக்கண்ணாடி கழற்றப்பட்டு, தம் வட்டார வழக்கு வழங்காத குரல்களிடையே கண்விழிக்கிறார். அவர் இடமும் பொழுதும் தடுமாறுவதில் வியப்பில்லை.

இவ்வகையில் எளிய செயல்களுக்குப் பயன் உண்டு. இனூயி குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், எழுபது வயது கடந்த 852 பொது மருத்துவ நோயாளிகளுள் ஒரு பிரிவினருக்குக் கண்ணாடி, செவிக்கருவி, போதிய நீர், இரவுத் தூக்கம், விரைவில் நடக்கவைத்தல், நாளும் இடமும் நினைவூட்டல் ஆகியன அளிக்கப்பட்டன. டெலிரியம் 15 விழுக்காட்டிலிருந்து 9.9 விழுக்காடாகக் குறைந்தது. நம் மருத்துவமனைகளில் துணைக்கு உடன் தங்கும் உறவினர், ஊதியமின்றி இப்பணிகளுள் பலவற்றை ஏற்கெனவே செய்துவருகின்றனர். தொற்றுக் கட்டுப்பாட்டுக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயில் மூடப்படும் அந்த இரண்டு மூன்று நாள்களில்தான் அத்துணை அற்றுப்போகிறது. நாளுக்கு இருமுறை, கை கழுவிய ஓர் உறவினர் அருகில் நின்று பெயர்சொல்லி அழைத்துப் பேச இடமளிப்பது பெருஞ்செலவு பிடிக்கும் சீர்திருத்தம் அன்று.

குடும்பத்தார் மறைக்கக்கூடாத செய்தி ஒன்றுண்டு. நாள்தோறும் மது அருந்தும் பழக்கம் உடையவர் அதைத் திடீரென நிறுத்தும்போது தோன்றும் நடுக்கமும் மருட்சியும் டெலிரியத்தின் கடுமையான ஒரு வகை. மானத்துக்கு அஞ்சி அப்பழக்கத்தைச் சொல்லாமல் விட்டால் மருத்துவர் வேறு காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார். தூக்கத்துக்காகவும் சளி, அரிப்பு முதலியவற்றுக்காகவும் கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரைகளையும் சொல்ல வேண்டும். அவற்றுள் சில முதியோரின் மனத்தைக் கலக்குபவை.

உப்பளத் தொழிலாளியை எதைக்கொண்டு அளப்பது?

உலகெங்கும் பெருவழக்காக உள்ள சிறு மனநிலைச் சோதனை 1975இல் ஃபோல்ஸ்டைன் குழுவினரால் அமைக்கப்பட்டது. மொத்தம் 30 மதிப்பெண். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தல், எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்தல், ஒரு வாக்கியம் எழுதுதல், ஐங்கோண உருவைப் பார்த்து வரைதல் ஆகியன அதில் அடங்கும். பள்ளி செல்லாத ஒருவர் நல்ல அறிதிறனோடு இருந்தும் இதில் மதிப்பெண் இழப்பார். அறுவைக்குப் பின் மட்டும் இச்சோதனையைச் செய்தால், கல்வியின்மையை நோய் எனக் குறித்துவிட நேரும்.

இந்திய ஆய்வாளர்கள் இச்சிக்கலை முன்பே எதிர்கொண்டுள்ளனர். ஹரியானாவின் பல்லப்கர் சிற்றூர்களில் மேரி கங்குலி குழுவினர் 1990களில் இச்சோதனையை எழுத்தறியாதோருக்கேற்ப இந்தியில் மாற்றியமைத்தனர். வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதிலாக வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லச் சொன்னார்கள். கட்டளையைப் படிப்பதற்குப் பதிலாக எதிரிலிருப்பவரின் செயலைப் பார்த்துச் செய்யச் சொன்னார்கள். அன்றாட வாழ்வில் முதியவர் எவ்வாறு இயங்குகிறார் எனக் குடும்பத்தாரிடம் கேட்டறியும் அளவுகோல் ஒன்றும் அங்கு உருவாயிற்று. முதுமை மறதி ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்குகூட வளரும் நாடுகளைப் பற்றியதன்று என்பதைச் சுட்டவே ‘10/66’ எனப் பெயர்கொண்ட ஆய்வுக் குழு, தன் களங்களுள் சென்னையையும் வேலூரையும் சேர்த்துக்கொண்டது. அறுபது வயது கடந்த இந்தியருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், முதுமை மறதியுடன் வாழ்வதாக 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. அறுவைக்குச் செல்லும் முதியோருள்ளும் முன்னரே அறிதிறன் தளர்ந்தோர் சிலர் இருப்பர் என்பதே இதன் பொருள்.

கோடியக்கரைக்கு வருவோம். இங்குள்ள குடும்பங்கள் நினைவாற்றலை மதிப்பிடப் பெரும்பாலும் பழைய நிகழ்ச்சிகளையே கேட்கின்றன. 2004 ஆழிப்பேரலையன்று எங்கு நின்றார், 2018 கஜா புயலில் எந்த மரம் கூரைமேல் விழுந்தது என்பவற்றை முதியவர் பிழையின்றிச் சொல்லிவிட்டால், ‘ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது’ என அமைதி கொள்கின்றனர். இது தவறான சோதனை. பழைய நினைவு கடைசியில் அழிவது. மூளைக் குழாய் நோயிலும் அறுவைக்குப் பிந்தைய தளர்ச்சியிலும் முதலில் தளர்வன கவனம், சிந்தனையின் வேகம், செயலைத் திட்டமிடும் திறன், புதியதை நினைவில் இருத்தும் ஆற்றல் ஆகியனவே. ஆழிப்பேரலையை விவரிக்கத் தெரிந்தவருக்கு இன்று காலை யார் வந்து சென்றார் என்பது தெரிகிறதா எனக் கேட்க வேண்டும்.

தொழிலே நல்ல அளவுகோல் தரும். எந்தப் பாத்திக்கு எப்போது நீர் விட வேண்டும், எது உப்பு வாரும் பதத்தில் உள்ளது எனத் தீர்மானிப்பதில் திட்டமிடல் உண்டு. அறுந்த வலையின் கண்ணை அளவு மாறாமல் முடிவதில் கவனமும் கைத்திறனும் உண்டு. வாடையா கச்சானா எனக் காற்றை உணர்ந்து கடலுக்குப் போவதா வேண்டாவா என முடிவுசெய்வதில் தீர்ப்பாற்றல் உண்டு. பெண்கள் மீன் விற்ற காசைப் பங்கிடுவதிலும், மகளிர் குழுத் தவணையை நாள் தவறாமல் கட்டுவதிலும் இவையனைத்தும் உண்டு. இவை மருத்துவச் சோதனையாகத் தரப்படுத்தப்பட்டவை அல்ல. எழுத்துவழிச் சோதனைக்கு மாற்றாக உடனே கொள்ளத்தக்கவையும் அல்ல. எனினும் அறுவைக்கு முன் குடும்பத்தாரிடம் கேட்டுக் கோப்பில் பத்து வரிகள் எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்து ஒப்பிட ஓர் அடிப்படை கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மருந்து கொண்டு வீடுகளுக்கே செல்கின்றனர். இப்பத்து வரிகளைக் கேட்டெழுத அவர்களைவிடப் பொருத்தமானவர் இல்லை.

வீடு திரும்பிய பின்

முதல் மாதத்து மறதியைக் கண்டு குடும்பம் கலங்க வேண்டுவதில்லை, பெரும்பாலோர் மீள்கின்றனர். ஆனால் முகம் கோணுதல், ஒரு கை அல்லது கால் தளர்தல், பேச்சுக் குளறுதல் ஆகியன திடீரெனத் தோன்றினால் அது மறதியன்று, பக்கவாதம். அந்நேரமே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். சில மணி நேரத்தில் தோன்றிய புதிய குழப்பத்துக்குத் தொற்றோ, குருதியில் சோடியம் தாழ்தலோ, சர்க்கரை இறங்குதலோ காரணமாகலாம். மூன்று மாதம் கடந்தும் தடுமாற்றம் நீடித்தால் தைராய்டு, பி12 வைட்டமின், செவித்திறன் ஆகியவற்றைச் சோதிப்பதோடு மனச்சோர்வையும் ஆராய வேண்டும். கடலுக்குப் போகக்கூடாது, சுமை தூக்கக்கூடாது என்று சொல்லித் திண்ணையில் அமர்த்தப்பட்ட உழைப்பாளியின் மௌனம் மறதியைப்போலவே தோற்றமளிக்கும்.

மறதியின் விலை மிகுந்திருப்பது வால்வு மாற்றியோரிடம். உலோக வால்வு பொருத்தப்பட்டவர் குருதி உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரையை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும், ஐ.என்.ஆர். என்னும் குருதிச் சோதனையால் அளவைச் சரிபார்க்க வேண்டும். மாத்திரையை மறந்தால் வால்வில் கட்டி உறைந்து மூளைக்குச் செல்லலாம். உண்டதை மறந்து மீண்டும் உண்டால் குருதிக்கசிவு நேரலாம். ஆகவே அறிதிறன் தளர்ந்தவரின் மாத்திரைப் பெட்டி அவரிடமே இருத்தல் கூடாது.

மறுபரிசோதனைக்கு நோயாளியோடு யார் செல்கிறார் என்பதும் கருதத்தக்கது. வழக்கமாக, வெளியூரில் வேலை பார்ப்பவரும் மருத்துவரிடம் தயங்காமல் பேசத் தெரிந்தவருமான மகன் விடுப்பெடுத்து வந்து அழைத்துச் செல்கிறார். “அப்பா எப்படி இருக்கிறார்?” என்ற கேள்விக்கு “நல்லா இருக்காருங்க” என்கிறார். அவர் அறிந்தது அவ்வளவே. இரவில் எழுந்து வாசல் தெரியாமல் நின்றதையும், போட்ட மாத்திரையை மறுபடி கேட்டதையும் கண்டவர் மனைவியோ மருமகளோதான். அவர்களுள் ஒருவரும் அந்த அறைக்குள் வர வேண்டும். மருத்துவர் அவரை நோக்கியும் கேட்க வேண்டும்.